லென்ஸுக்குள் வளரும் வலை

பல மாதம் தொடாமல் வைத்திருந்த லென்ஸ் ஒன்றை எடுத்து, ஒரு பக்கம் சாய்வாக டார்ச் அடித்து, மறுபக்கம் வழியாகப் பாருங்கள். சிலந்தி வலை போல மெல்லிய வெண்ணிழைகள் தெரிந்தால் அது ஃபங்கஸ், அதாவது பூஞ்சை. என்னுடைய 50 மி.மீ. லென்ஸ் ஒன்று அப்படித்தான் போனது. கீறல் விழக்கூடாது, தூசி படக்கூடாது என்று தோல் பைக்குள் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன். அந்தப் பைதான் அதைக் கெடுத்தது.

பூஞ்சையின் வித்துகள் காற்றில் எங்கும் மிதக்கின்றன. புதிதாக வாங்கிய லென்ஸுக்குள்ளும் அவை போய்விடும், தடுக்க வழியில்லை. ஆனால் அவை முளைக்க ஈரம் வேண்டும். காற்றின் ஈரப்பதம் நாள்கணக்கில் 60, 70 சதவீதத்துக்கு மேல் நின்று, இருட்டும் அசையாத காற்றும் சேர்ந்துகொண்டால் போதும். கண்ணாடியில் ஒட்டிய தூசியும் விரல் எண்ணெய்ப் பிசுக்குமே அவற்றுக்குச் சாப்பாடு. தோல் பை ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்வதோடு, தானே பூஞ்சைக்கு இரையாகவும் ஆகிறது. வளரும் பூஞ்சை அமிலங்களைக் கசியவிடும். அவை முதலில் கண்ணாடியின் மேலுள்ள கோட்டிங்கை, அதாவது மெல்லிய பூச்சை, அரிக்கும், அப்புறம் கண்ணாடியையே அரிக்கும். ஆரம்பத்திலேயே கவனித்தால் லென்ஸைப் பிரிக்கத் தெரிந்த ஒருவர் துடைத்து எடுத்துவிடலாம். அரித்த பிறகு, பூஞ்சை போனாலும் அதன் தடம் போகாது.

அந்தக் கோட்டிங் என்ன செய்கிறது என்று தெரிந்தால் அதன் அருமை புரியும். வெறும் கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். ஒரு லென்ஸுக்குள் தனித்தனியாக 10 கண்ணாடிகள் இருந்தால் 20 பரப்புகள். கணக்குப் போட்டால் மறுமுனைக்கு வந்து சேருவது சுமார் 44 சதவீதம்தான். மீதியில் ஒரு பகுதி உள்ளேயே முட்டி மோதி, படம் முழுக்க வெளிறிய மூட்டமாகப் பரவும். 1890களில் டென்னிஸ் டெய்லர் என்ற ஆங்கிலேய லென்ஸ் வடிவமைப்பாளர் ஒரு விநோதத்தைக் கவனித்தார்: நாள்பட்டு மேற்பரப்பில் மெல்லிய படலம் உண்டாகி நிறம் மாறிய லென்ஸ்கள் புதியவற்றைவிட அதிக ஒளியைக் கடத்தின. 1935-இல் ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மகுலா, அத்தகைய படலத்தை வெற்றிடத்தில் வேண்டுமென்றே படிய வைக்கும் முறையை உருவாக்கினார்.

மெக்னீசியம் ஃப்ளோரைடு படலம் என்றால் அதன் தடிமன் சுமார் 100 நானோமீட்டர். படலத்தின் மேற்பரப்பிலிருந்து ஓர் ஒளியலை திரும்பும், அடிப்பரப்பிலிருந்து இன்னொன்று. ஒன்றின் மேடு வரும் இடத்தில் மற்றதன் பள்ளம் வரும்படி தடிமனை அமைத்திருப்பதால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். திரும்பிப் போயிருக்க வேண்டிய ஒளி அப்படியே உள்ளே போகும். எனக்கு இன்றும் வியப்பூட்டும் ஏற்பாடு இது. லென்ஸைச் சாய்த்தால் தெரியும் ஊதா, பச்சைப் பளபளப்பு இந்தப் படலங்களுடையதே.

தலைமுடியின் பருமனில் பல நூறில் ஒரு பங்குதான் இந்தப் படலம். அதனால்தான் சட்டை நுனியால் துடைக்காதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறோம். தூசியில் இருக்கும் குவார்ட்ஸ் மணல் துகள் கண்ணாடியைவிடக் கடினமானது. முதலில் ரப்பர் புளோயரால் ஊதுங்கள் (வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும்), பிறகு மென்மையான பிரஷ். அப்படியும் கறை போகாவிட்டால் மட்டும் மைக்ரோஃபைபர் துணி. திரவத்தைத் துணியில் விடுங்கள். நேராக லென்ஸில் விட்டால் ஓரமாக உள்ளே இறங்கிவிடும்.

முன்கண்ணாடியில் நாலு தூசி இருந்தால் படத்தில் தெரியவே தெரியாது. ஃபோகஸ் விழும் இடத்திலிருந்து அது அவ்வளவு தள்ளி இருக்கிறது. கேமராவுக்குள் ஒளியைப் படமாக்கும் சென்சார் மேல் இருக்கும் தூசிதான் கரும்புள்ளியாக விழும், அதுவும் லென்ஸின் ஒளி நுழையும் துளையை எஃப்/16 போலச் சிறிதாக்கும்போது. அகன்ற துளையில் ஒளி பல கோணங்களில் வந்து தூசியைச் சுற்றிப் போய்விடும். சிறிய துளையில் அது ஒடுங்கி வருவதால் நிழல் கூர்மையாகிறது.

சரி, எங்கே வைப்பது? இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பா, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகள், ஈரப்பதம் காட்டும் சின்ன ஹைக்ரோமீட்டர் ஒன்று. ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம் இருந்தால் நல்லது. ஆரஞ்சு நிற ஜெல் பச்சையானாலோ, நீல நிற ஜெல் இளஞ்சிவப்பானாலோ அது நிறைந்துவிட்டது என்று அர்த்தம். சூடாக்கி உலர்த்தினால் மறுபடி வேலை செய்யும். ஜெல்லுக்குப் பதில் அரிசி போட வேண்டாம், அதன் மாவுத்தூள் லென்ஸில் ஒட்டும்.

ஏசி அறையிலிருந்து வெளியே வரும்போதும் ஈரம் தாக்கும். வெளியே 32 டிகிரி வெப்பமும் 75 சதவீத ஈரப்பதமும் இருந்தால், சுமார் 27 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருக்கும் எந்தப் பொருளிலும் நீர் படியும். 22 டிகிரி அறையில் இருந்த கேமரா நொடியில் வியர்த்துவிடும். கிளம்புமுன் காற்றுப் புகாத உறையில் போட்டுவிடுங்கள். வெளியே அரை மணி நேரமாவது அப்படியே விட்டால் நீர் உறையின் மேல் படியும், கேமரா மெல்லச் சூடாகிவிடும். அவசரத்தில் மறந்து, கண்ணாடி மங்கிவிட்டதா? துடைக்கவும் வேண்டாம், லென்ஸைக் கழற்றவும் வேண்டாம். கழற்றினால் ஈரக்காற்று உள்ளே போய்ச் சென்சாரிலும் நீர் படியும். காற்றோட்டமான நிழலில் வையுங்கள், தானாகக் காயும்.