வாஷிங்டனில் இளவேனில்தோறும் தீயணைப்புக் குழாய்களைத் திறந்துவிடுவது ஏன்?

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில், இளவேனிற் காலத்தில் சில வாரங்கள், எங்கும் தீப்பற்றாதபோதும் நடைபாதையோரத் தீயணைப்புக் குழாய்கள் திறக்கப்பட்டுத் தண்ணீர் தெருவில் பாய்வதைக் காணலாம். குடிநீரை இப்படிக் கொட்டுகிறார்களே என்று பார்ப்பவர் மனம் பதைப்பது இயல்பே. ஆனால் நிலத்தடிக் குழாய்களை அலசுவதற்கு இதைவிட எளிய வழி இல்லை.

தெருக் குழாய்களின் அகலம் வீட்டுத் தேவையை மட்டும் வைத்து முடிவு செய்யப்படுவதில்லை. தீயணைப்புக்கு ஒரே நேரத்தில் பெருமளவு நீர் வேண்டியிருப்பதால், அந்நாட்டில் அவை பொதுவாகக் குறைந்தது 6 அங்குல விட்டமுடையவை. அன்றாடப் புழக்கத்துக்கு அந்த அகலம் மிகுதி என்பதால் நீர் மெதுவாகவே நகர்கிறது. இரும்பு, மாங்கனீசுத் துகள்கள் அடியில் படிகின்றன, கிருமிநாசினியும் நாளடைவில் வீரியம் இழக்கிறது. முட்டுத்தெருக்களில் நிலைமை இன்னும் மோசம். படிவைப் பெயர்க்க விநாடிக்குச் சுமார் 5 அடி வேகம் வேண்டும். 8 அங்குலக் குழாயில் அதற்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 3,000 லிட்டர் பாய வேண்டும். வீட்டுக் குழாய்கள் எத்தனையைத் திறந்தாலும் அது நடவாது.

வாஷிங்டனுக்கு இன்னொரு காரணமும் உண்டு. பொட்டோமக் ஆற்று நீரைச் சுத்திகரிக்கும் இராணுவப் பொறியாளர் படையின் நிலையம், கிருமிநீக்கத்தில் உண்டாகும் துணைவேதிப்பொருள்களைக் குறைப்பதற்காக, 2000 நவம்பரில் குளோரினுக்குப் பதில், குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோரமைனுக்கு மாறியது. (அம்மாற்றம் பழைய ஈயக் குழாய்களிலிருந்து ஈயம் கரையக் காரணமாகி, 2004இல் பெரும் சர்ச்சையானது தனிக் கதை.) குளோரமைன் நீண்ட நேரம் தாக்குப்பிடிக்கும், ஆயினும் அதிலிருந்து பிரியும் அம்மோனியா சில நுண்ணுயிர்களுக்கு உணவாகிவிடுகிறது. ஆகவே ஆண்டுக்கு ஒருமுறை சில வாரங்களுக்கு மீண்டும் குளோரினையே கலந்து, அந்த நீர் கடைக்கோடிக் குழாய் வரை சென்று சேருமாறு தீயணைப்புக் குழாய்களைத் திறந்துவிடுகிறார்கள்.

ஆற்று நீரைப் பயன்படுத்தும் நகரங்களுக்கான 1989ஆம் ஆண்டுக் கூட்டரசு விதிப்படி, விநியோகக் குழாய்களில் மாதந்தோறும் எடுக்கும் மாதிரிகளில் 95 விழுக்காட்டிலேனும் கிருமிநாசினி எஞ்சியிருக்க வேண்டும். கிருமிநாசினிக்குத் தனியே விதிக்கப்பட்ட உச்சவரம்பு, ஆண்டுச் சராசரியாக, லிட்டருக்கு 4 மில்லிகிராம். அலசுதல் இந்த அளவைக் காக்கும் வழிகளுள் ஒன்று. வெளியேறும் நீரிலுள்ள குளோரின் மீன்களைக் கொல்லும் என்பதால், ஆற்றில் கலக்குமுன் அதை வேதிப்பொருளால் முறிப்பது வழக்கம்.

அலசும் நாளில் வீட்டில் நீர் பழுப்பாக வந்தால், தெளியும் வரை குளிர்நீர்க் குழாயை ஓடவிட வேண்டும். சுடுநீரைத் திறந்தால் கலங்கல் சூடேற்றும் தொட்டிக்குள் புகுந்துவிடும். வெள்ளைத் துணி துவைப்பதைத் தள்ளிப்போடலாம். மீன் வளர்ப்போரும், வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்வோரும் குளோரின், குளோரமைன் இரண்டையுமே நீக்கிய பிறகுதான் குழாய் நீரைப் பயன்படுத்த வேண்டும். அவர்களுக்கு இது ஆண்டு முழுவதும் பொருந்தும் விதி.