ஈரத்தில் மறையும் வெள்ளைத் திட்டு

வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார்: "ஏழு வயது மகளின் மேல்வரிசை முன்பல்லில், ஈறை ஒட்டிச் சுண்ணாம்பு தீற்றியதுபோல் ஒரு வெள்ளைக் கோடு. வாய் ஈரமாக இருக்கும்போது தெரியவில்லை. சிறிது நேரம் வாயைத் திறந்தே வைத்திருந்தால் தெரிகிறது. வலி இல்லை. இது சொத்தையா?"

சொத்தையின் முதல் அடையாளமாக இருக்க நிறையவே வாய்ப்பிருக்கிறது. பல் மருத்துவர் காற்றை ஊதி உலர்த்திக் கண்டுபிடிப்பதை இந்தத் தாய் வெறும் கண்ணால் கண்டுபிடித்திருக்கிறார்.

வாய்க்குள் நடப்பது பள்ளியில் படித்ததுதான். பல்லில் படியும் பாக்டீரியாக்கள் சர்க்கரையைத் தின்று அமிலத்தை வெளிவிடுகின்றன. அமிலம் கூடக் கூடக் குறையும் பி.எச். அளவு ஏறத்தாழ 5.5-க்குக் கீழே இறங்கினால், பல்லின் கடினமான மேலுறையான எனாமலின் தாதுக்கள் கரைகின்றன. பிறகு உமிழ்நீர் அமிலத்தைத் தணித்து, கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் திரும்பச் சேர்க்கிறது. சேர்வதைவிடக் கரைவது மிகுந்தால் சொத்தை தொடங்குகிறது.

அப்படியானால் திட்டு ஏன் வெள்ளையாக இருக்கிறது? உப்புக் கல்லைப் பாருங்கள்: கண்ணாடிபோல் ஒளியை உள்ளே விடும். அதையே பொடித்தால் வெள்ளை வெளேரென்று ஆகிவிடும். பொருள் மாறவில்லை, துகள்களுக்கு நடுவே காற்று புகுந்து, ஒளி ஒவ்வொரு விளிம்பிலும் திசைமாறிச் சிதறுகிறது. எனாமலும் அப்படித்தான். எடையில் சுமார் 96 சதவீதம் தாதுவாக நெருங்கிக் கிடக்கும்வரை ஒளி அதற்குள் ஊடுருவும். தாது கரைந்து நுண்ணிய துளைகள் விழுந்ததும் சிதறத் தொடங்கும்.

இனி ஈரத்தின் வேலை. ஒளியை ஒரு பொருள் எவ்வளவு வளைக்கிறது என்பதைக் காட்டும் ஒளிவிலகல் எண் எனாமலுக்கு 1.62, தண்ணீருக்கு 1.33, காற்றுக்கு 1. துளைகளில் தண்ணீர் நிரம்பியிருக்கும்போது எனாமலுக்கும் அதற்குமான வேறுபாடு குறைவு. ஒளி அதிகம் சிதறாது, திட்டு மறைந்துவிடும். உலர்ந்து காற்று புகுந்தால் வேறுபாடு இரண்டு மடங்குக்கு மேல் கூடி, திட்டு பளிச்சென்று வெளிப்படும். காகிதத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் அந்த இடம் மட்டும் ஒளி ஊடுருவுவது இதே காரணத்தால்தான். ஆக, உலர்ந்தால் மட்டும் தெரிகிற திட்டில் இழப்பு இன்னும் ஆழமாகவில்லை. ஈரத்திலும் தெரிந்தால் கரைவு மேலும் உள்ளே போயிருக்கிறது. கருவி எதுவுமின்றி, எச்சிலை வைத்தே ஆழத்தை ஊகிக்க முடிவதை எத்தனை முறை எண்ணினாலும் எனக்கு வியப்பு தீர்வதில்லை.

இந்தக் கட்டத்தில் குழி கிடையாது. உள்ளே கரைந்த தாதுக்களில் ஒரு பகுதி வெளியேறும் வழியில் மேற்பரப்பிலேயே மீண்டும் படிவதால், மேலே மெல்லிய கூரை ஒன்று நிற்கிறது. ஊசிமுனையாலோ குச்சியாலோ குத்திப் பார்த்தால் அது உடையும். குழியை நாமே உண்டாக்கியதாகிவிடும். கூரை நிற்கும்வரை தாது திரும்பிச் சேர இடமுண்டு, ஃபுளூரைடு அதற்குத் துணைசெய்யும். எனாமலில் நரம்பு இல்லாததால் வலியும் வராது.

'பூச்சிப் பல்' என்ற சொல்மேல் எனக்குக் கோபம் வருவது இதனால்தான். பல்லைப் புழு அரிக்கிறது என்பதை பிரெஞ்சு மருத்துவர் பியர் ஃபோஷார் 1728-லேயே மறுத்துவிட்டார். ஆனாலும் பூச்சி என்றால் ஓட்டை இருக்க வேண்டும் என்று எண்ணி, ஓட்டை விழும்வரை பலர் காத்திருக்கிறார்கள். பல் நோய்க் கணக்கெடுப்புகளும் பெரும்பாலும் குழி விழுந்த பற்களையே எண்ணுகின்றன. மீட்கக்கூடிய பற்களை எண்ணுவதற்கும் ஆய்வுப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வாசகிக்கு: பல்லைத் துலக்கி, பஞ்சால் ஒற்றி, நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். திட்டு மங்கலாக, சொரசொரப்பாக இருந்தால் கரைவு இப்போதும் நடக்கிறது என்று கொள்ளலாம். பளபளப்பாக, வழுவழுப்பாக இருந்தால் பெரும்பாலும் நின்றுவிட்டது. நின்றுபோன திட்டு சாயமேறிப் பழுப்பாகவும் மாறலாம். பல பற்களில், இரு பக்கமும் ஒன்றுபோல் வெண்மை இருந்தால் அது பல் உருவானபோதே நேர்ந்த ஃபுளூரைடு மிகுதியாகவும் இருக்கலாம். எதுவானாலும் இந்த வாரமே பல் மருத்துவரிடம் காட்டுங்கள். உலர்ந்தால் மட்டுமே தெரிகிறது என்பதை மறக்காமல் சொல்லுங்கள்.