புரஸ்டேட் புற்றுநோய்: துளை சின்னதென்றால் எல்லாம் சரியா?

ஆண்களின் சலப்பைக்குக் கீழே இருக்கும் புரஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் என்று உறுதியானதும், அடுத்த கிளினிக்குக்கு வரும் ஐயாமாரில் பலர் முடிவை எடுத்துக்கொண்டே வருகிறார்கள். "கனடாவில இருந்து மகன் எடுத்தவன், டொக்டர். வயித்தைக் கிழிக்க விடவேண்டாமாம். சென்னைக்குப் போய் ரோபோவில செய்யட்டாம்."

மகன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கமராக் குழாயை விட்டுச் செய்யும் லப்பறஸ்கோப்பியோ, நிபுணர் இயக்கும் ரோபோவோ, ஐந்தாறு சிறு துளைகளால் செய்யும்போது இரத்தம் குறைவாகப் போகும், நோவும் குறைவு. 300 பேருக்கு மேல் பங்குபற்றிய பிரிஸ்பேன் ஆய்வு 2016இல் வெளியானது. அதில் திறந்து செய்தவர்கள் சராசரியாக 3 நாளுக்குச் சற்று மேலாகவும், ரோபோவில் செய்தவர்கள் ஒன்றரை நாளும் வைத்தியசாலையில் தங்கினார்கள். ஆனால் 2 வருடம் கழித்துப் பார்த்தபோது, சலத்தை அடக்குவதிலும் தாம்பத்தியத்திலும் இரு பகுதிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

காரணம், வெளியில் கீறல் எப்படியிருந்தாலும் உள்ளே நடக்கும் வேலை ஒன்றுதான். சுரப்பியை எடுத்துவிட்டு, சலப்பையைச் சலவழியோடு திரும்பத் தைக்க வேண்டும். சலத்தை அடக்கும் தசை சுரப்பிக்குக் கீழே ஒட்டினாற்போல இருக்கிறது. விறைப்புக்கான நரம்புகள் இரு பக்கமும் ஒட்டியபடி ஓடுகின்றன. அவை தப்புமா என்பது கட்டி எதுவரை பரவியிருக்கிறது, செய்பவரின் கைக்கு எவ்வளவு பழக்கம் என்பவற்றைப் பொறுத்தது. "வருடத்துக்கு எத்தனை செய்கிறீர்கள்?" என்று கேளுங்கள், எந்த நல்ல சத்திரசிகிச்சை நிபுணரும் கோபிக்கமாட்டார். காணியை ஈடு வைத்து ரோபோவைத் தேடிப் போகச் சொல்லி நான் யாருக்கும் சொல்வதில்லை.

வன்னியில் இன்னொரு விடயமும் இருக்கிறது. பரிசோதிக்கப் படுக்கச் சொன்னால், சாரத்தைத் தளர்த்தும்போது தொப்புளுக்கு மேலிருந்து கீழ்வரை நீண்ட தழும்பு தெரியும். கேட்டால், "அது செல் பட்டது, பழசு" என்பார்கள், யுத்தகால எறிகணைக் காயம். பழசுதான், ஆனால் முக்கியமானது. முன்பு வயிறு திறக்கப்பட்டிருந்தால் குடல் உள்ளே ஒட்டிப்போயிருக்கலாம். துளை வழியாகச் செய்வது கடினமாகி, இடையில் திறக்க வேண்டியும் வரலாம். உடம்பில் இரும்புத் துண்டு இருந்தால், எம்.ஆர்.ஐ எடுக்கும்போது அது அசையவோ சூடாகவோ கூடும். பழைய கார்ட்டுகள் இடப்பெயர்வில் தொலைந்திருந்தால் பரவாயில்லை, வாயால் சொல்லுங்கள். எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கலாம்.

எல்லோருக்கும் சத்திரசிகிச்சை தேவையுமில்லை. சுரப்பிக்குள் அடங்கிய நோயுள்ளவர்களை 15 வருடம் பின்தொடர்ந்த பிரித்தானிய ஆய்வு 2023இல் வெளியானது. சத்திரசிகிச்சை, கதிர்வீச்சு, கண்காணிப்பு என எந்த வழியில் போனவர்களிலும் அந்த நோயால் இறந்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேரளவில்தான்.

சரி, செய்தாயிற்று. ஒன்றிரண்டு கிழமையில் சலம் போக வைத்த குழாயைக் கழற்றியதும் அநேகமாக எல்லோருக்கும் சலம் ஒழுகும். இருமினால், குனிந்தால், சாக்கைத் தூக்கினால் ஒழுகும். பெரும்பாலானோருக்கு மாதங்கள் போகப் போகக் குறையும். வாயு பிரியாமல் அடக்குவதுபோல இறுக்கி விடும் பயிற்சியைச் சத்திரசிகிச்சைக்கு முன்பே பழகுங்கள். முதல் 6 கிழமைக்கு நெல்மூட்டை, லாண்ட்மாஸ்டர், சைக்கிள் எதுவும் வேண்டாம். ஒழுகுகிறதென்று வெட்கப்பட்டுத் தண்ணீர் குடிப்பதை நிறுத்துகிறவர்களைத்தான் நான் அதிகம் ஏசுகிறேன். சலம் கடுத்து சலப்பையை இன்னும் உறுத்தும். சிறுநீரக நோய் ஏற்கனவே பரவலான வவுனியாப் பக்கத்தில் இது வேறு ஆபத்து.

விறைப்பு திரும்ப 2 வருடம்கூட ஆகலாம், சிலருக்குத் திரும்பாமலும் போகலாம். சீனி வருத்தம் இருந்தால் வாய்ப்பு இன்னும் குறைவு. ஐயா வாய் திறக்கமாட்டார், அம்மாதான் கதவடியில் நின்று மெல்லக் கேட்பார். இரண்டு பேரும் உள்ளே வந்து கேளுங்கள், மருந்துகள் இருக்கின்றன.

6 கிழமைக்குப் பிறகு எடுக்கும் பி.எஸ்.ஏ (புரஸ்டேட் சுரக்கும் புரதத்தை இரத்தத்தில் அளக்கும் பரிசோதனை) கிட்டத்தட்ட இல்லை என்றளவில் இருக்க வேண்டும். பின்னர் 0.2ஐத் தாண்டி ஏறினால் தெல்லிப்பழை அல்லது மகரகம புற்றுநோய் வைத்தியசாலையில் கதிர்வீச்சு கொடுக்கலாம். நேரத்தோடு தெரிந்தால்தான் அதில் பலன். அருவி வெட்டு நாளில் கிளினிக் திகதி விழுந்தால் மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள், வராமல் விட்டுவிடாதீர்கள்.