கனிம வளர்சிதைமாற்றம்: சொல்லும் பொருளும்

ஹார்மோன் கோளாறுகளையும் கனிம வளர்சிதைமாற்றத்தையும் சேர்த்து ஆராயும் மருத்துவத் துறை ஒன்று உண்டு. எலும்பு மெலிவு, சிறுநீரகக் கல், குழந்தைகளுக்குக் கால் எலும்பு வளைந்துபோகும் ரிக்கெட்ஸ், இரத்தத்தில் கால்சியம் இறங்கிக் கைவிரல்கள் இழுத்துக்கொள்ளும் நிலை ஆகியவை எல்லாம் இதன் எல்லைக்குள் வரும். தொடர்பில்லாதவை போலத் தோன்றும் இவற்றை ஒரே துறைக்குள் கட்டிவைப்பது ‘கனிம வளர்சிதைமாற்றம்’ (ஆங்கிலத்தில் ‘மினரல் மெட்டபாலிசம்’) என்ற தொடர்தான். பாடநூல்களில் நன்றாக ஊன்றிவிட்ட தொடர். ஆனால் அதை உறுப்பு உறுப்பாகப் பிரித்துப் பார்த்தால் ஓர் இடத்தில் இடறுகிறது.

‘கனிம’த்தில் இடறல் இல்லை. ‘கனி’ என்பதற்குப் பழம் தவிரச் சுரங்கம் என்ற பொருளும் உண்டு. அது வடமொழியிலிருந்து வந்தது. ஆங்கில ‘மினரல்’ என்பதும் சுரங்கத்தையும் தாதுமண்ணையும் குறித்த இடைக்கால லத்தீன் சொல்லிலிருந்து பிறந்ததே. பேச்சில் நாம் ‘தாது உப்பு’ என்கிறோம். அது தவறில்லை, ஆனால் சித்த மருத்துவத்தில் உடலின் ஏழு தாதுக்களில் என்பும் ஒன்று. எலும்பைப் பற்றிய கட்டுரையில் ‘எலும்பிலுள்ள தாது’ என்று எழுதினால் எந்தத் தாது என்ற கேள்வி வரும். இங்கே கனிமமே தெளிவு. கால்சியத்துக்குப் பேச்சுவழக்கில் ‘சுண்ணாம்புச் சத்து’ என்று பெயர். லத்தீன் மூலமான ‘கால்க்ஸ்’ என்பதற்கும் சுண்ணாம்பு என்றே பொருள். பாஸ்பரஸுக்கு வேளாண்மையில் ‘மணிச்சத்து’ என்ற அழகான சொல் இருக்கிறது. பயிரோடு நின்றுவிட்டது, மருத்துவத்துக்குள் வரவே இல்லை.

‘ஹார்மோன்’ பிறந்தது 1905இல். லண்டன் உடலியங்கியலாளர் எர்னஸ்ட் ஸ்டார்லிங் தம் சொற்பொழிவில் இச்சொல்லை அறிமுகப்படுத்தினார். மூலம், ‘தூண்டு, இயக்கிவிடு’ என்று பொருள்படும் கிரேக்க வினைச்சொல். அப்படிப் பார்த்தால் தமிழின் ‘இயக்குநீர்’ மூலத்துக்கு மிக நெருங்கி நிற்கிறது. உமிழ்நீர், பித்தநீர் என்ற வரிசையில் ‘நீர்’ சுரப்பையும் சுட்டிவிடுகிறது. ‘வளரூக்கி’ என்றொரு மாற்றும் உண்டு; நம் துறைக்கு அது உதவாது. கழுத்தில் தைராய்டின் பின்புறம் ஒட்டிக்கொண்டு, அரிசிமணி அளவில், பெரும்பாலும் நான்காக இருக்கும் பாராதைராய்டு சுரப்பிகளின் ஹார்மோன் அளவுக்கு மீறினால் எலும்பைக் கரைக்கும். கரைப்பதை எப்படி வளரூக்கி என்பது? (அதே ஹார்மோனின் ஒரு துண்டை நாளுக்கு ஒருமுறை சிறிதளவு ஊசியாகப் போட்டால் எலும்பு கட்டிக்கொள்ளும் என்பதும் உண்மை. எலும்பு மெலிவுக்கு அது இன்று மருந்து. வளரூக்கிக்காரர்கள் இங்கே சிரித்துக்கொள்ளலாம்.) இலங்கைப் பாடநூல்கள் ஒலிபெயர்த்து ‘ஓமோன்’ என்று எழுதுகின்றன. நான் ஹார்மோன் என்றே எழுதுகிறேன். அச்சொல் தமிழர் வாயில் பழகிவிட்டது.

ஹார்மோனோடு ஒட்டிவரும் ‘நாளமில்லாச் சுரப்பி’யை ஆராய்ச்சி கொஞ்சம் பழையதாக்கிவிட்டது. நாளம் என்றால் குழாய்; குழாயின்றி நேரே இரத்தத்தில் கலக்கும் சுரப்பி என்று பொருள். ஆனால் பாஸ்பேட்டைச் சிறுநீரில் வெளியேற்றச் சொல்லும் எஃப்.ஜி.எஃப்.-23 என்ற ஹார்மோனைச் சுரப்பது எலும்புக்குள் இருக்கும் உயிரணு. வைட்டமின் டி தன் செயல்வடிவத்தைப் பெறுவது முக்கியமாகச் சிறுநீரகத்தில். வைட்டமின் என்று பெயர் இருந்தாலும் அது ஹார்மோன் வேலையே செய்கிறது. எலும்பையோ சிறுநீரகத்தையோ யாரும் சுரப்பி என்று சொல்வதில்லை. எனவே துறைப்பெயராக, சுரப்பியை அன்றிச் சுரப்பைக் குறிக்கும் (சுரப்பு + இயல்) ‘உட்சுரப்பியல்’ அல்லது ‘அகச்சுரப்பியல்’ என்பதே பொருந்தும்.

‘கோளாறு’ என்ற சொல்லையும் விட்டுக்கொடுக்கக் கூடாது. செய்திகளில் இதைக் ‘குறைபாடு’ என்று மாற்றிவிடுகிறார்கள். ஹார்மோன் குறையலாம், மிகலாம், போதிய அளவு இருந்தும் உறுப்புகள் அதற்குச் செவிசாய்க்காமல் இருக்கலாம். மூன்றாவது வகையை 1942இல் பாஸ்டன் மருத்துவர் ஃபுல்லர் ஆல்பிரைட்டும் உடனுழைத்தவர்களும் விவரித்தார்கள். நோயாளிக்கு இரத்தத்தில் கால்சியம் குறைவு. பாராதைராய்டுச் சாற்றைச் செலுத்தினாலும் சிறுநீரகம் அசையவில்லை. அங்கே குறைபாடு ஹார்மோனில் இல்லை.

இனி இடறும் இடத்துக்கு வருவோம். ‘மெட்டபாலிசம்’ கிரேக்க ‘மெட்டபோலே’யிலிருந்து வந்தது. பொருள் வெறும் ‘மாற்றம்’. 1839இல் ஜெர்மன் அறிஞர் தியோடர் ஷ்வான் உயிரணுக்களைப் பற்றி எழுதும்போது இதன் பெயரடையைப் பயன்படுத்தினார். ஜெர்மானியர் இன்றும் தம் மொழியில் சொல்வதைத் தமிழாக்கினால் ‘பொருள்மாற்றம்’ என்று வரும். இலங்கையில் ‘அனுசேபம்’. தமிழ்நாட்டு அறிவியல் தமிழ் கொஞ்சம் கூடுதலாகவே செய்தது. மாற்றம் இருவகை, சேர்த்துக் கட்டுவது ஒன்று, உடைத்துப் பிரிப்பது மற்றொன்று என்ற விளக்கத்தைச் சொல்லுக்குள்ளேயே ஏற்றி ‘வளர்சிதைமாற்றம்’ ஆக்கியது. மாவுச்சத்து, கொழுப்பு, புரதம் என்று வரும்போது இதைவிடத் தெளிவான சொல் கிடைக்காது. மூலத்தைவிட நன்றாக விளக்குகிறது என்றே சொல்வேன்.

கனிமத்தோடு சேர்த்தால்தான் பிசகுகிறது. கால்சியம் ஒரு தனிமம். உடலில் எந்த நொதியும் அதைக் கட்டுவதில்லை, உடைப்பதும் இல்லை. வாய்வழி உள்ளே வந்த கால்சியம் அணு எலும்பில் பல ஆண்டு கிடந்து சிறுநீரில் வெளியேறும்போதும் அதே அணுதான். வளர்வதும் சிதைவதும் அதைத் தாங்கி நிற்கும் எலும்பு. கிரேக்கச் சொல் வெறும் மாற்றம் என்பதால் கனிமத்தோடு ஒருவாறு ஒட்டிக்கொள்கிறது. நம் சொல் துல்லியமானது என்பதாலேயே ஒட்டவில்லை.

அப்படியானால் கால்சியத்துக்கு உடலில் நடப்பது என்ன? வளர்ந்தவர் உடலில் அது ஏறத்தாழ 1 கிலோ இருக்கிறது. அதில் 99 விழுக்காடு எலும்பிலும் பல்லிலும். மீதிச் சிறு பங்கில்தான் தசை சுருங்குவதும் நரம்பு செய்தி அனுப்புவதும் நடக்கின்றன. ஆகவே இரத்தத்தில் அதன் அளவு டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 8.5 முதல் 10.5 மில்லிகிராமுக்குள் நிற்கவேண்டும். சற்று இறங்கினாலும் பாராதைராய்டு உயிரணுக்களின் மேற்புறத்தில் உள்ள கால்சிய உணர்வி அதைக் கண்டுகொள்கிறது. 1993இல் இனங்காணப்பட்ட புரதம் இது. உடனே 84 அமினோ அமிலங்கள் கொண்ட பாராதைராய்டு ஹார்மோன் சுரந்து மூன்று வேலை செய்கிறது. எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்கச் செய்கிறது. சிறுநீரகம் வடிகட்டியதில் கூடுதலாக மீட்கச் செய்கிறது. வைட்டமின் டியைச் செயல்வடிவமாக்கி அதன் வழியே குடல் உறிஞ்சுவதை உயர்த்துகிறது. சிறுநீரகம் நாளொன்றுக்கு வடிகட்டும் கால்சியம் சுமார் 10 கிராம். அதில் 98 விழுக்காடு திரும்பவும் இரத்தத்துக்கே வந்துவிடுகிறது. எடுத்தல், மீட்டல், உறிஞ்சல், வெளியேற்றல்: எல்லாமே இடமாற்றம்.

இத்துறையின் தொடக்க கால ஆய்வுமுறையும் இதற்கு ஏற்பவே அமைந்தது. நோயாளியைத் தனிப் பிரிவில் நாள்கணக்கில் தங்கவைத்து, உண்ணும் ஒவ்வொன்றையும் எடைபோட்டு, சிறுநீரையும் மலத்தையும் முழுவதுமாகச் சேகரித்து, உள்ளே போன கால்சியம் எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு என்று கணக்கெழுதினார்கள். 1926 வாக்கில் அமெரிக்காவில் இப்படி ஆராயப்பட்டவர்களுள் ஒருவர் வணிகக் கப்பல் தலைவர். எலும்புகள் தேய்ந்து, பல அங்குல உயரத்தை இழந்திருந்தார். உண்பதைவிட வெளியேறும் கால்சியம் கூடுதல் என்று கணக்குக் காட்டியது. இரத்தத்திலோ கால்சியம் அளவுக்கு மேல். பாராதைராய்டு மிகைச் சுரப்பு என்று முடிவுகட்டிக் கழுத்தைத் திரும்பத் திரும்பத் திறந்தும் கட்டி அகப்படவில்லை. கடைசியில் 1932இல் ஏழாவது அறுவையில் அது நெஞ்சுக்குள் கிடைத்தது. சில வாரங்களில், சிறுநீரகக் கல்லின் தொல்லையால் அவர் இறந்துபோனார்.

அந்த ஆய்வேடுகளில் இருந்தவை வரவு, செலவு, இருப்பு. ஆகவே என் பரிந்துரை ‘கனிம வரவுசெலவு’. பேச்சுச்சொல் என்று தயங்குபவர்கள் ‘கனிமச் சமநிலை’ என்று எழுதலாம். ஆனால் சமநிலை என்பது ஆரோக்கியத்தை மட்டுமே சொல்லும். கோளாற்றைச் சொல்ல மீண்டும் ஓர் ‘இன்மை’யைச் சேர்க்கவேண்டியிருக்கும். வரவுசெலவுக்கு அந்தத் தொல்லை இல்லை. மிச்சமும் பற்றாக்குறையும் அதனுள்ளேயே அடங்கும். எலும்பைப் பற்றி எழுதும்போது மட்டும் வளர்சிதைமாற்றம் தன் இடத்தில் இருக்கட்டும். பழைய எலும்பை ஓர் உயிரணு அரிப்பதும் அதே பள்ளத்தில் இன்னோர் உயிரணு புதிதாகக் கட்டுவதும் வாழ்நாள் முழுவதும் நடக்கின்றன. அதற்கு இச்சொல் அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்துகிறது. ஆய்வாளர்களும் இரண்டையும் பிரித்துச் சொல்லவே விரும்புகிறார்கள் போலும்: நாள்பட்ட சிறுநீரக நோயில் வரும் இத்தகைய கோளாறுகளின் தொகுதிக்கு 2006இல் பன்னாட்டு வல்லுநர் குழு இட்ட பெயர் ‘கனிம, எலும்புக் கோளாறு’.

சொல்லை மாற்றுவதால் நோயாளிக்கும் ஒரு பயன் உண்டு. பாராதைராய்டு மிகைச் சுரப்பு உள்ளவரின் ஆய்வறிக்கையில் ‘கால்சியம் மிகை’ என்று இருக்கும். அதைப் பார்த்துவிட்டுப் பாலையும் தயிரையும் அவராகவே நிறுத்திவிடுவார். மிகை இருப்பது இரத்தத்தில்; எலும்பின் இருப்போ கரைந்துகொண்டிருக்கிறது. உணவில் கால்சியத்தைக் கடுமையாகக் குறைத்தால் சுரப்பு இன்னும் ஏறி எலும்பை மேலும் அரிக்கக்கூடும் என்பதால், வழக்கமான அளவு கால்சியத்தை உண்ணவே மருத்துவ வழிகாட்டிகள் சொல்கின்றன. ‘வளர்சிதைமாற்றக் கோளாறு’ என்று கேட்டவருக்கு இது விளங்காது. ‘இரத்தத்தில் மிகை, எலும்பில் பற்றாக்குறை’ என்றால் விளங்கும்.