"எங்க காலத்துல யாருக்குங்க ஹார்ட் அட்டாக்?": சாவுக் கணக்கு மாறின கதை

சேலத்துல எந்த துக்க வீட்டுக்குப் போனாலும் சாமியானா பந்தலுக்கு அடியில பிளாஸ்டிக் சேர்ல உக்காந்திருக்கிற பெருசுங்க இந்தப் பேச்சக் கட்டாயம் எடுப்பாங்க. "எங்க காலத்துல யாருக்குங்க சுகரு, பிரஷரு? ராகிக் களியத் தின்னுட்டு எண்பது தொண்ணூறு வருசம் கல்லாட்டம் இருந்தாங்க. இப்ப பாருங்க, நாப்பத்தஞ்சு வயசுல நெஞ்சப் புடிச்சிட்டு உக்காந்தர்றான்." கேக்கறதுக்கு ரொம்ப நியாயமாத்தான் தெரியும். ஆனா இதுல கொஞ்சம் உண்மையும் கொஞ்சம் கணக்குக் கோளாறும் கலந்து கெடக்கு, ரெண்டையும் பிரிக்காம விட்டா நம்ம ஊருல எதனால சாகறோம்ங்கறதே புரியாமப் போயிரும்.

அந்தத் தாத்தாகிட்டயே கேட்டுப் பாருங்க, உங்ககூடப் பொறந்தவங்க எத்தன பேருன்னு. ஒம்போது பேரு பொறந்தோம், அஞ்சு பேரு தங்குனோம்ங்கற மாதிரி ஏதாவது சொல்லுவாரு. தங்காமப் போன நாலு பேரு பந்தல்ல வந்து உக்காந்து பழைய காலத்தப் பத்திப் பேச முடியாதில்ல. தப்பிச்சு வந்தவங்கள மட்டும் பாத்துட்டு அந்தக் காலமே ஆரோக்கியமான காலம்னு நாம முடிவு பண்ணிக்கறோம்.

சுதந்திரம் வாங்கின சமயத்துல இந்தியாவோட சராசரி ஆயுசு சுமார் 32 வருசம். அதுக்காக எல்லாரும் 32 வயசுல செத்தாங்கன்னு இல்ல. ஒருத்தரு 64 வயசுல போறாரு, ஒரு கொழந்த பொறந்த அன்னிக்கே போயிருது, ரெண்டையும் சேத்துப் போட்டா சராசரி 32 தான வரும். 1971ல கூட இந்தியாவுல பொறந்த 1,000 கொழந்தைங்கள்ல 129 பேரு மொத பொறந்தநாளப் பாக்கல. தமிழ்நாட்டுல 2020 கணக்குல அது 13. இந்த ஒரு மாத்தந்தான் சாவுக் கணக்கு மொத்தத்தையும் பொரட்டிப் போட்டது, சுகரும் மாரடைப்பும் எல்லாம் அதுக்குப் பின்னாடி வர்ற கதை.

இன்னும் கொஞ்சம் பின்னாடி போனா தாது வருசப் பஞ்சம், 1876லருந்து 78 வரைக்கும். அப்ப சேலம் ஜில்லான்னா இன்னிக்கு இருக்கிற நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் அதுக்குள்ளதான். 1871 சென்சஸ்ல 19 லட்சத்துச் சொச்சம் இருந்த ஜனத்தொகை 1881ல 16 லட்சத்துக்கு எறங்கிருச்சு, பத்து வருசத்துல கூட வேண்டிய எண்ணிக்கை கொறஞ்சிருக்கு. கொஞ்சம் பேரு ஊர விட்டுப் போனதும், கொழந்தைங்க பொறக்கறது கொறஞ்சதும் அதுல சேத்திதான், ஆனா பெரும்பகுதி சாவுதான். பஞ்சம்னா எல்லாரும் வெறும் பட்டினியில செத்தாங்கன்னு நெனப்போம், நெஜத்துல பட்டினி பாதி வேலையத்தான் செய்யும். சோறு இல்லாத ஒடம்புல நோயோட சண்ட போடற செல்லுங்க கொறஞ்சிரும், கொடலோட உள்சுவரு மெலிஞ்சிரும், அந்த நேரம் பாத்து காலரா, அம்மை, பேதி, காய்ச்சல்னு வந்து மிச்சத்த முடிச்சிரும்.

இந்த மாதிரி காலத்துலருந்து இப்ப இருக்கிற காலத்துக்கு ஒரு சமுதாயம் எப்படி மாறுதுங்கறத எகிப்துல பொறந்த அப்தெல் ஓம்ரான்ங்கற ஆராய்ச்சியாளரு 1971ல எழுதி வெச்சாரு. மொதல்ல கொள்ளை நோயும் பஞ்சமும் ஆட்டிப் படைக்கிற காலம், அப்பறம் கொள்ளை நோய் படிப்படியா பின்வாங்கற காலம், அதுக்கப்பறம் ஒடம்பு தேஞ்சும் மனுசன் தானே வரவழச்சும் வர்ற நோய்ங்களோட காலம். மூணு கட்டம், கேக்க சுத்தமா இருக்கு. ஆனா ஐரோப்பாவுல நூறு வருசத்துக்கு மேல எடுத்துக்கிட்டத நம்ம மாதிரி நாடுங்க ரெண்டு மூணு தலமுறையில ஓடி முடிக்கப் பாக்குது, அதனால இங்க கட்டம் எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக் கெடக்கு. அதுக்குப் பின்னாடி வரேன்.

கொள்ளை நோய் எப்படிப் பின்வாங்குச்சுங்கறதுக்கு ரெண்டு உதாரணம் போதும். ஒண்ணு பெரியம்மை. கோட்டை மாரியம்மனுக்கு ஆடிப் பண்டிகையில சேலமே தெரண்டு வர்றதுக்குப் பின்னாடி அந்த நோயோட பயம் எத்தன தலமுறையா இருந்திருக்கும்னு யோசிங்க. தடுப்பூசி வீடு வீடாப் போய் 1975ல இந்தியாவோட கடைசி பெரியம்மை நோயாளியோட அது முடிஞ்சிருச்சு, பண்டிகை மட்டும் நல்லபடியா நடந்துட்டு இருக்கு. இன்னொண்ணு உப்பு சக்கரத் தண்ணி, அதான் ஓஆர்எஸ். வயித்துப்போக்குல சாகறது கிருமியால நேரடியா இல்ல, ஒடம்புல இருக்கிற தண்ணியும் உப்பும் வடிஞ்சு போறதாலதான். வெறும் தண்ணியக் குடிச்சா நிக்காது. ஆனா கொடல் செல்லுல ஒரு கதவு இருக்கு, அது உப்பும் குளுக்கோசும் ஜோடியா வந்தாத்தான் தொறக்கும், தொறந்தா தண்ணியும் பின்னாடியே உள்ள வந்துரும், காலரா கிருமியால இந்தக் கதவ மட்டும் கெடுக்க முடியறதில்ல. 1971ல வங்கதேச அகதிங்க முகாம்ல சலைன் பாட்டில் தீந்து போனப்ப டாக்டர் திலீப் மஹலனபிஸ் இதத்தான் டிரம்முல கலக்கி நோயாளிங்களோட சொந்தக்காரங்க கையிலயே குடுத்து ஊத்தச் சொன்னாரு. 100க்கு 30 பேரு வரைக்கும் செத்துட்டு இருந்த எடத்துல 4 பேருக்கும் கீழ எறங்குச்சு. இத்தன கோடி உசுரக் காப்பாத்தின மனுசன் பேரு நம்ம ஊருல பத்துப் பேருக்குக் கூடத் தெரியாது, அது வேற வருத்தம்.

சரி, கணக்குக் கோளாறுக்கு வருவோம். சும்மா ஒரு கற்பன ஊர எடுத்துக்கலாம். அந்தக் காலத்துல வருசத்துக்கு 30 சாவு விழுது, 18 தொத்து நோய், 6 மாரடைப்பு, 6 மத்தது. அப்ப மாரடைப்போட பங்கு 20 சதவீதம். அப்பறம் தடுப்பூசி வருது, குடிதண்ணிக் குழா வருது, பிரசவம் ஆஸ்பத்திரியில நடக்குது, தொத்து நோய் சாவு 18லருந்து 3க்கு எறங்கிருது, மத்ததும் 3 ஆயிருது. மாரடைப்பு மட்டும் அதே 6. இப்ப மொத்தம் 12 சாவு, அதுல மாரடைப்பு 50 சதவீதம்! மாரடைப்புல கூடுதலா ஒரு ஆளு கூட சாகல, ஆனா பேப்பர்ல "மாரடைப்பு சாவு ரெண்டரை மடங்கு பங்கு புடிச்சிருச்சு"ன்னு தலைப்பு போட்டா அதுவும் பொய்யில்ல. எல்லாரும் ஏதோ ஒண்ணுல சாகத்தான் போறோம், மொத்தம் எப்பவும் நூறுதான், ஒண்ணு கொறஞ்சா இன்னொண்ணு ஏறித்தான் ஆகணும்.

நெஜ இந்தியக் கணக்கும் இதே தெசையிலதான் போகுது. 2017ல லேன்செட்ங்கற மருத்துவ இதழ்ல வந்த மாநிலவாரி ஆய்வுப்படி 1990ல மொத்த சாவுல கிட்டத்தட்ட 54 சதவீதம் தொத்து நோய், பிரசவம், சத்துக் கொறவு சம்பந்தப்பட்டது, 2016ல அது 28க்கும் கீழ. தொத்தாத நோய்ங்க 38லருந்து 62க்குப் போயிருச்சு. இந்த மாத்தத்துல ரொம்ப முன்னாடி போன மாநிலங்க கேரளா, கோவா, அப்பறம் நாம. (கொரோனா வந்து கொஞ்ச காலம் இந்தக் கணக்கத் தலகீழாக் கவுத்துச்சு, அது தனிக் கதை.)

அப்ப பந்தல்ல பேசற பெருசுங்க சொல்றது முழுக்கத் தப்பான்னா, இல்ல. எதனால சாகறான்ங்கறத விட எந்த வயசுல சாகறான்னு கேட்டீங்கன்னா அவங்க பக்கம் நியாயம் இருக்கு. 85 வயசுல மாரடைப்புன்னா மருத்துவம் ஜெயிச்சுதுன்னு அர்த்தம், 48ல மாரடைப்புன்னா தோத்துதுன்னு அர்த்தம், ஆனா சதவீதக் கணக்குல ரெண்டும் ஒண்ணுதான். அதனாலதான் உலக சுகாதார நிறுவனம் வேற ஒரு அளவ வெச்சிருக்கு, 30 வயசுல இருக்கிற ஒருத்தரு 70 வயசுக்குள்ள இதய நோய், புத்துநோய், சுகர், நாள்பட்ட நுரையீரல் நோய் நாலுல ஏதோ ஒண்ணுல போறதுக்கு எவ்வளவு வாய்ப்புன்னு. இந்தியாவுக்கு அது சுமார் 22 சதவீதம், அதாவது அஞ்சுல ஒருத்தருக்கும் மேல. வசதியான நாடுங்க பலதுல இதுல பாதி கூட இல்ல. நான் எந்த ஹெல்த் செய்தியப் படிச்சாலும் இந்த நம்பரத்தான் மொதல்ல தேடுவேன், மத்தது எல்லாம் பெரும்பாலும் சத்தம்.

ஏன் இவ்வளவு சீக்கிரம்? சோறு, உக்காந்த வேலை, சிகரெட்டு, வெறகு அடுப்புப் பொகை எல்லாம் தெரிஞ்சதுதான். பலருக்குத் தெரியாதது நம்ம ஒடம்பு வாகு. புனேவுல டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக்னு ஒருத்தரு, அவரும் லண்டன் டாக்டர் யுட்கினும் சேந்து 2004ல தங்களோட போட்டோவையே போட்டாங்க, ரெண்டு பேருக்கும் பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவுங்கற கணக்கு) அச்சுக் கொறயாம 22.3, பாத்தா ரெண்டு பேரும் ஒல்லி. ஆனா ஒடம்புல இருக்கிற கொழுப்ப அளந்தா வெள்ளக்காரருக்கு 9.1 சதவீதம், நம்மாளுக்கு 21.2. அதே எடை, தசைக்குப் பதிலா கொழுப்பு. யாஜ்னிக் புனே பக்கத்துக் கிராமங்கள்ல கொழந்தைங்கள அளந்து பாத்தப்ப பொறக்கும்போதே அப்படித்தான் இருக்குதுன்னு தெரிஞ்சுது, எடை கம்மி, கையுங் காலும் சுள்ளி மாதிரி, ஆனா தோலுக்கடியில கொழுப்பு மட்டும் கொறயல. வயித்துல இருக்கும்போது அம்மாவுக்குச் சத்துப் பத்தலன்னா கொழந்தயோட ஒடம்பு மூளையக் காப்பாத்திக்கிட்டு தசை, கணையம் மாதிரி எடத்துல சிக்கனம் புடிச்சிருதுங்கறது ஒரு விளக்கம். அந்தக் கொழந்த பெருசாகியும் களியும் காட்டு வேலையுமா இருந்த வரைக்கும் பிரச்சன வெளிய தெரியாது. மூணு வேள அரிசிச் சோறு, பைக், ஷிப்டு முழுக்க உக்காந்த வேலைன்னு ஆனதும் சின்னக் கணையம் தாக்குப் புடிக்காது, தொப்ப பெருசா இல்லாமலே சுகர் வந்துரும். "அவன் ஒல்லியாத்தானுங்க இருந்தான்"னு நம்ம ஊருல சொல்றது இதனாலதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலோட (ஐசிஎம்ஆர்) "இண்டியாப்"ங்கற சுகர் கணக்கெடுப்பு 2023ல வந்துச்சு, நாட்டுல சுமார் 10 கோடிப் பேருக்கு சுகர், தமிழ்நாட்டுல பெரியவங்கள்ல 14 சதவீதத்துக்கு மேல. பாட்டி பட்ட பட்டினி பேரனோட ரத்தப் பரிசோதனையில வருதுன்னு சொன்னா கொஞ்சம் மிகையா இருக்கும், ஆனா ரொம்ப மிகையில்ல. (நம்ம சேலத்துத் தீனி தட்டுவடை செட்ட மட்டும் குத்தம் சொல்லாதீங்க, அது மேல எனக்குப் பாசம் இருக்கு.)

இதெல்லாம் சரி, ஒருத்தரு எதனால செத்தாருன்னு யாரு முடிவு பண்றாங்க? ஆஸ்பத்திரியில செத்தா டாக்டர் படிவம் 4ங்கற சாவுக் காரணச் சான்ற எழுதணும். அதுல மேல நேரடிக் காரணம், அதுக்குக் கீழ அது எதனால வந்துச்சு, அதுக்கும் கீழ அது எதனாலன்னு படிக்கட்டு மாதிரி எறங்கும், கடைசிப் படியில இருக்கிறதுதான் புள்ளிவிவரத்துக்குப் போற காரணம். மூளையில ரத்தக் கசிவு, அது எதனால, ரொம்ப வருசமா இருந்த பிரஷரு, இப்படி. ஆனா பல படிவத்துல "கார்டியோ ரெஸ்பிரேட்டரி அரெஸ்ட்"னு மேல் படியில எழுதிட்டு கீழ காலியா விட்டுருப்பாங்க. இதயமும் மூச்சும் நின்னுச்சுன்னு அர்த்தம். சாவுன்னாலே அதான டாக்டர்!

அந்தப் படிவங்கூட நாட்டுல பதிவாகிற சாவுல நாலுல ஒண்ணுக்கும் கம்மியாத்தான் இருக்கு. மிச்சத்துல பெரும்பாலானது வீட்டுச் சாவு. ஏற்காட்டுக்கு உள்ள, பஸ் நின்னு போற எடத்துக்கும் அந்தாண்ட இருக்கிற ஊருல ஒரு பெரியவரு போனா விஏஓகிட்ட சொல்லிப் பதியறப்ப "நெஞ்சு வலி", "காய்ச்சல்", "வயசாயிருச்சு" இந்த மூணுல ஒண்ணுதான் வாயில வரும். இதுக்குத்தான் வாய்மொழி பிரேதப் பரிசோதனைன்னு ஒரு முறை. பயிற்சி எடுத்த ஆளு ஒருத்தரு சாவு நடந்த வீட்டுக்குப் போய் உக்காந்து கேப்பாரு, காலு வீங்குச்சா, மூச்சு வாங்கினது எத்தன நாளு, படுத்தா வாங்குச்சா நடந்தா வாங்குச்சா, சளியில ரத்தம் வந்துச்சா, வலி தோள்பட்டைக்குப் போச்சா. அந்தப் பதில ரெண்டு டாக்டருங்க தனித்தனியாப் படிச்சுட்டு காரணம் எழுதணும், ஒத்துப் போகலன்னா மூணாவது ஒருத்தரு பாப்பாரு. பிரபாத் ஜா தலைமையில நடந்த பத்து லட்சம் சாவு ஆய்வு இப்படித்தான் பண்ணாங்க. அதுல வெளிய வந்த ஒரு விசயம், 2005ல மட்டும் பாம்புக் கடியில சுமார் 46,000 பேரு செத்திருக்காங்க, ஆஸ்பத்திரிக் கணக்கு காட்டினத விட 30 மடங்குக்கும் மேல. அப்படிக் கடிபட்டுச் செத்தவங்கள்ல பெரும்பாலானவங்க ஆஸ்பத்திரிக்கே போய்ச் சேரல, அப்பறம் எப்படி அந்தக் கணக்குல வருவாங்க.

கேட்டாலும் வாயத் தொறக்காத சாவும் இருந்துச்சு, அத இங்க சொல்லாம விட முடியாது. பொண்ணுக் கொழந்தயக் கொல்லாம அரசு தொட்டில்ல விட்டுட்டுப் போகலாம்ங்கற தொட்டில் குழந்தைத் திட்டத்த 1992ல மொதல்ல சேலம் மாவட்டத்துலதான் ஆரம்பிச்சாங்க, ஏன்னு நமக்குத் தெரியும். பொறந்த பொண்ணுக் கொழந்த ரெண்டு மூணு நாள்ல "பால் கொமட்டி" செத்துப் போன வீடுங்க. ஆரம்ப சுகாதார நிலையப் பதிவேட்டுல அதுக்கு "சமூகக் காரணம்"னு ஒரு பேரு வெச்சு எழுதினாங்க. எந்த மருத்துவப் புத்தகத்துலயும் இல்லாத சாவுக் காரணம்.

ஓம்ரான் சொன்ன கட்டம் இங்க ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக் கெடக்குன்னு சொன்னேன்ல, டிபி அதுக்கு நல்ல சாட்சி. மொதக் கட்டத்து நோய் அது, போயிருக்கணும், போகல. சுகர் இருக்கிறவங்களுக்கு டிபி வர்ற வாய்ப்பு ரெண்டு மூணு மடங்கு, ஏன்னா சக்கர ஏறின ரத்தத்துல கிருமிய முழுங்கற செல்லுங்க மந்தமாயிரும். மூணாவது கட்டத்து நோய் மொதக் கட்டத்து நோய்க்குக் கதவத் தொறந்து விடுது. தமிழ்நாட்டுல 2022லருந்து காசநோய் இறப்பில்லாத் திட்டம்னு ஒண்ணு ஓடுது, அதுல டிபின்னு தெரிஞ்ச ஒடனே எடை ரொம்பக் கொறவா, தானா எழுந்து நிக்க முடியுதா, மூச்சு வாங்குதான்னு பாத்து மோசமா இருக்கிறவங்கள வீட்டுக்கு அனுப்பாம நேரா வார்டுல சேக்கறாங்க. டிபி சாவுல நெறய மருந்து ஆரம்பிச்ச கொஞ்ச நாளுக்குள்ளயே நடந்துருதுங்கறதால. எளிமையான யோசனை, பெரிய மெஷினு எதுவும் தேவையில்ல.

இன்னொரு பக்கம் ரோடு. சேலம்-தர்மபுரி ரோட்டுல இருக்கிற தொப்பூர் கணவாய் பேரச் சொன்னாலே நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு அடிவயிறு கலங்கும். ரோடு விபத்துல போறவங்க பெரும்பாலும் வேலை செய்யற வயசு, அதனால சாவு எண்ணிக்கையில சின்னதாத் தெரிஞ்சாலும் எழந்த வருசத்தக் கணக்குப் போட்டா பெருசா நிக்கும். அடிபட்ட மொத 48 மணி நேரச் செலவ அரசே ஏத்துக்கற இன்னுயிர் காப்போம் திட்டம் 2021 டிசம்பர்ல வந்ததுக்கு இதான் காரணம். அதே வருசம் ஆகஸ்ட்ல வந்த மக்களைத் தேடி மருத்துவத்துல பிரஷரு, சுகரு மாத்திர வீட்டுக்கே வருது. பிரஷர் மாத்திரைக்குப் பெரிய வெல இல்ல, சிக்கல் என்னன்னா பிரஷருக்கு வலி இருக்காது, வலி இல்லாத நோய்க்கு ஒரு நாள் கூலிய விட்டுட்டு யாரு பஸ் ஏறுவாங்க.

கடைசியா ஒரு நடைமுறை விசயம். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்துல 2023ல பண்ணின திருத்தப்படி ஆஸ்பத்திரியில யாராவது இறந்தா சாவுக்கான காரணம் எழுதின சான்றோட ஒரு நகல நெருங்கின சொந்தக்காரங்களுக்கும் குடுக்கணும். துக்கத்துல யாரும் அத வாங்கிப் படிக்கிற நெலமையில இருக்க மாட்டாங்கதான், ஆனா காரியம் எல்லாம் முடிஞ்சதும் எடுத்து அந்தக் கடைசிப் படிய மட்டும் பாருங்க. அப்பாவுக்கு 52 வயசுல மாரடைப்பு, அடியில பிரஷர்னு இருந்தா, பையன் 30 வயசுலயே பட்டைய சுத்தி பிரஷர் பாக்க ஆரம்பிச்சிரணும், தங்கச்சியும்தான்.