இறக்கத்தில் இருக்கும் மேற்கு

இலங்கை மலையகத்தின் ஹட்டனில் ரயிலேறிக் கொழும்புக்குப் போகிறவர் மேற்கே போகிறார், வழியெல்லாம் இறக்கம். ஆனால் 'மேற்கு' என்ற சொல்லுக்குள் இருப்பது 'மேல்'. 'கிழக்கு' என்பதில் 'கீழ்'. தமிழ்நாட்டில் மேற்கே மலைத்தொடர், கிழக்கே கடல். அந்தச் சரிவுதான் திசைக்குப் பெயரானது என்பார்கள். 1820களிலிருந்து இந்த மலைக்குக் கோப்பித் தோட்டங்களுக்கும், அப்புறம் தேயிலைக்கும் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் அந்தச் சரிவையும் சொல்லோடு சேர்த்தே கொண்டுவந்தார்கள். புதிய மலை அதற்கு ஒத்துவரவில்லை.

அதனால் சொல் பொருளற்றுப் போய்விடவில்லை. தோட்டத்தில் வழி கேட்டுப் பாருங்கள். "மேல் கணக்கா, கீழ்க் கணக்கா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். கணக்கு என்றால் இங்கே டிவிசன், தோட்டத்தின் ஒரு பிரிவு. அப்புறம் ஸ்டோருக்கு (தேயிலைத் தொழிற்சாலைக்கு) மேலே, கீழ் லயத்துக்கு (தொழிலாளர் குடியிருப்பு வரிசைக்கு)ப் பக்கத்தில் என்று போகும். இதில் நியாயம் இருக்கிறது. வளைந்து வளைந்து ஏறும் பாதையில் ஒவ்வொரு திருப்பத்திலும் இடது வலமாகும், வலது இடமாகும். மேடு மட்டும் மேடாகவே இருக்கும்.

மெக்சிகோ மலைகளில் செல்தால் மொழி பேசும் தெனெஹாப்பா மக்களுக்குத் தெற்கே மேடு, வடக்கே பள்ளம். சமதளமான மேசைமேல் இருக்கும் பொருளைக்கூட 'மேட்டுப் பக்கம்' என்பார்கள். தெற்குப் பக்கம் என்று பொருள். நம் 'மேற்கு' பிறந்த கதையும் இதேதான்.

இப்படிப் பேசுவது நினைவையும் மாற்றுமா? ஒரு மேசையில் தேத்தண்ணிக் கோப்பை, வடி, கரண்டி மூன்றையும் வரிசையாக வையுங்கள். பார்த்தவரைத் திருப்பி, எதிரே உள்ள மேசையில் அதே வரிசையை வைக்கச் சொல்லுங்கள். இடது வலது என்று நினைத்தவர் வரிசையையும் தன்னோடு திருப்பிவிடுவார். வடக்கு தெற்கு என்று நினைத்தவர் திருப்பமாட்டார். 1990களில் மொழியியலாளர் எரிக் பெடர்சன் தமிழ்நாட்டில் இதுபோன்ற சோதனைகளைச் செய்தார். திசை சொல்லிப் பேசும் கிராமத்தாரும், இடது வலது சொல்லும் நகரத்தாரும் வேறு வேறாக அடுக்கினார்கள். இரு தரப்பும் பேசியது தமிழ்தான்! காரணம் எளிது. நாளை திசை சொல்ல வேண்டுமென்றால், இன்று பார்க்கும்போதே திசையைக் குறித்துவைக்க வேண்டும். பழகப் பழகக் கண்ணே அதைச் செய்துவிடும்.

2002இல் உளவியல் ஆய்வாளர்கள் பெக்கி லீயும் லைலா கிளைட்மனும், பேச்சுதான் நினைவை மாற்றுகிறது என்பதை மறுத்தார்கள். சுற்றியிருக்கும் அடையாளங்களை மாற்றினால் ஒரே மொழிக்காரர்களின் விடையும் மாறுகிறது, மொழியைவிட இடம்தான் காரணம் என்றார்கள். மலையில் பிறந்த எனக்கு இது பாதி சரியென்று படுகிறது. முழங்காலுக்குத் தெரியாத மேடா?

மீதிப் பாதிக்கு என் பெரியம்மாதான் சாட்சி. கொழும்பில் கடலோரத்து வெள்ளவத்தைக்குக் குடிவந்து பல வருடமாகிறது. கடைக்கு அனுப்பும்போது இன்னமும் "மேல் பக்கத்துக் கடைக்குப் போ" என்பார். அந்தத் தட்டை நிலத்தில் மேல் எது? அவருக்குக் கடற்கரைப் பக்கம் கீழே, காலி வீதிப் பக்கம் மேலே. அதாவது, அவருடைய மேல் கிழக்கே இருக்கிறது.