வயிற்றக நோக்கி: இடம் மாறிய கருத்தடை வளையத்தை எடுக்கும் நுண்துளை அறுவை

கருப்பைக்குள் வைத்த கருத்தடைச் சாதனம் கருப்பைச் சுவரைத் துளைத்துக்கொண்டு வயிற்றறைக்குள் போய்விட்டால், அதை எடுக்க வயிற்றை நீளமாகக் கீற வேண்டியதில்லை. அரை சென்டிமீட்டர் முதல் ஒரு சென்டிமீட்டர் வரையுள்ள இரண்டு மூன்று துளைகள் போதும். ஒன்றில் கேமரா, மற்றவற்றில் கருவிகள். இந்த முறையை மருத்துவமனையில் லேப்ராஸ்கோப்பி என்பார்கள். பேச்சில் கீஹோல் சர்ஜரி. நாளிதழ்களில் நுண்துளை அறுவை சிகிச்சை, சில சமயம் சாவித்துவார அறுவை.

லேப்ராஸ்கோப்பி கிரேக்க வேர் கொண்டது. ‘லபரா’ என்றால் விலா எலும்புக்கும் இடுப்புக்கும் நடுவிலுள்ள மென்மையான பகுதி, அதாவது விலாப்புறம். ‘ஸ்கோபெயின்’ என்றால் உற்றுப் பார்த்தல். ஆக, இந்தச் சொல்லில் அறுத்தல் என்ற பொருளே இல்லை. தொடக்கத்தில் அது பார்ப்பதற்கான முறையாகத்தான் இருந்தது. 1901இல் ஜெர்மானிய மருத்துவர் கெயோர்க் கெல்லிங் நாயின் வயிற்றில் காற்றை நிரப்பி உள்ளே பார்த்துக் காட்டினார். 1910இல் சுவீடன் மருத்துவர் யாக்கோபேயஸ் மனிதரிடம் செய்தவற்றை வெளியிட்டார். கருவி கொண்டு உள்ளே வேலை செய்யும் அறுவையாக அது வளர்ந்தது பின்னாளில்தான். 1980இல் ஜெர்மனியின் கீல் நகரில் மருத்துவர் குர்ட் செம் இம்முறையில் குடல்வாலை அகற்றியது ஒரு பெரிய திருப்பம்.

‘சாவித்துவாரம்’ ஆங்கிலப் பேச்சு வழக்கின் நேர் பெயர்ப்பு. அதில் சாவி போர்த்துகீசியச் சொல், துவாரம் வடசொல். வேற்றுச் சொல் என்பதற்காக அதைத் தள்ள வேண்டாம். துளையை மட்டும் சொல்லி, பார்ப்பதை விட்டுவிடுகிறதே என்பதுதான் குறை. தொலைநோக்கி, நுண்ணோக்கி வரிசையில் கருவிக்கு ‘வயிற்றக நோக்கி’ என்றும், அதைக் கொண்டு செய்வதற்கு ‘வயிற்றக நோக்கி அறுவை’ என்றும் சொல்வதே தெளிவு. யோனி வழியே கருப்பைக்குள் செல்லும் ஹிஸ்டெரோஸ்கோப்புக்குக் ‘கருப்பை அகநோக்கி’ என்ற பெயர் அப்படியே பொருந்தும். இரண்டையும் வெறுமனே ‘எண்டோஸ்கோப்பி’ என்று எழுதினால், எந்த வழியாக எங்கே போகிறார்கள் என்பது படிப்பவருக்குத் தெரியாது.

‘வளையம்’ என்பதற்கும் பழைய கதை உண்டு. 1920களில் ஜெர்மானிய மருத்துவர் கிராஃபென்பர்க் உருவாக்கிய சாதனம் உண்மையிலேயே வளையம். 1960களில் அமெரிக்க மருத்துவர் லிப்பீஸின் நெளிந்த பிளாஸ்டிக் வந்தபோது ‘லூப்’ என்ற சொல் ஊரெங்கும் பரவியது. இன்றைய காப்பர்-டி வளையமும் அல்ல, லூப்பும் அல்ல, 32 மி.மீ. அகலமும் 36 மி.மீ. நீளமும் உள்ள ‘டி’ வடிவப் பிளாஸ்டிக். காப்பர்-டி 380ஏ என்பதிலுள்ள எண், தாமிரப் பரப்பு 380 சதுர மி.மீ. என்பதைக் குறிக்கிறது. வளையம் என்ற பெயர் நிலைத்துவிட்டது, இருக்கட்டும்.

உண்மையில் குழப்பம் தருவது ‘இடம் மாறிவிட்டது’ என்ற தொடர். அதற்குள் மூன்று வெவ்வேறு நிலைகள் ஒளிந்திருக்கின்றன. கருப்பைக்குள்ளேயே கீழே இறங்கியிருக்கலாம்; சாதனத்தின் அடியில் தொங்கும் நூல் தெரிந்தால் பிடித்து இழுத்தாலே வந்துவிடும். கருப்பைத் தசையில் பதிந்திருக்கலாம். பெரும்பாலும் கருப்பை அகநோக்கி போதும். சுவரைத் துளைத்து முழுவதும் வெளியேறியிருக்கலாம். இதற்குத்தான் வயிற்றக நோக்கி. பாதி உள்ளே பாதி வெளியே என்றால் இரண்டு நோக்கிகளும் தயாராக இருக்க வேண்டும். மருத்துவ அறிக்கையில் இந்த மூன்றில் எது என்று எழுதியிருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

துளைத்தல் அரிது: ஆயிரம் பேருக்கு ஒருவர் இருவர். பெரும்பாலும் பொருத்தும்போதே நடக்கிறது. தாய்ப்பால் கொடுக்கும் காலத்திலும் பிரசவமாகிச் சில மாதங்களுக்குள்ளும் கருப்பைச் சுவர் மென்மையாக இருப்பதால் வாய்ப்பு கூடுகிறது. பலருக்கு வலியே இருக்காது. நூலைக் காணவில்லை என்பதுதான் முதல் அடையாளம். அப்போது முதலில் கர்ப்பப் பரிசோதனை, பிறகு யோனி வழி ஸ்கேன். கருப்பையில் இல்லையென்றால், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம் முதல் இடுப்பெலும்பு வரை முழு வயிற்றுக்கும் எக்ஸ்-ரே. பிளாஸ்டிக்கில் பேரியம் சல்பேட் கலந்திருப்பதால் படத்தில் வெள்ளையாகத் தெரியும். ஸ்கேனில் இல்லை என்றதும் ‘தானாக விழுந்திருக்கும்’ என்று முடிவுகட்டுவது பெரிய தவறு. எக்ஸ்-ரேயிலும் இல்லையென்றால்தான் அப்படிச் சொல்லலாம்.

தாமிரம் வயிற்றறையில் அழற்சியைத் தூண்டி, உறுப்புகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் ஒட்டுத்திசுவை உண்டாக்கும். அதனால் தள்ளிப்போடாமல் எடுப்பது நல்லது.

அறுவை முழு மயக்கத்தில் நடக்கிறது. சிறுநீர்ப்பையைக் கதீட்டர் என்னும் மெல்லிய குழாயால் காலி செய்வார்கள். தொப்புளருகே வெரெஸ் ஊசியைச் செலுத்தி கார்பன் டை ஆக்சைடு நிரப்புவார்கள். நுரையீரல் நோய்ச் சிகிச்சைக்காக உருவான ஊசி இது. கார்பன் டை ஆக்சைடு தீப்பற்றாது, ரத்தத்தில் எளிதில் கரைந்து வெளியேறும். அழுத்தம் வழக்கமாக 12 முதல் 15 மி.மீ. பாதரசம். பிறகு கேமராவும் கருவிகளும் நுழைவதற்கான ட்ரோகார் குழல்கள்: தொப்புளில் 10 மி.மீ. ட்ரோகார், அடிவயிற்றின் இரு பக்கமும் 5 மி.மீ. ட்ரோகார்கள். முனை மூன்று பட்டையாக இருந்ததால் பிரெஞ்சில் வந்த பெயர் ட்ரோகார். தமிழில் ‘துளைகுழல்’ எனலாம். பக்கத் துளைகளைக் கேமராவில் பார்த்தபடியே போட வேண்டும், வயிற்றுச் சுவர் ரத்தக் குழாயில் படக்கூடாது.

பிறகு தலைப்பக்கம் தாழ்த்தினால் குடல் மேலே நகர்ந்து இடுப்புக்குழி தெரியும். தேட வேண்டிய இடங்கள்: கருப்பைக்குப் பின்னாலுள்ள குழிவு, கருப்பையின் பக்கத் தசைநார்கள், ஓமெண்டம் என்னும் கொழுப்புத் திரை, பெருங்குடலின் கடைசி வளைவு, சிறுநீர்ப்பையின் மேற்பரப்பு. ஓமெண்டம் சாதனத்தைச் சுற்றிப் பொதிந்துகொள்வதால் கண்ணுக்கே படாமல் போகும். அப்போது அறுவை அரங்கிலேயே நகரும் எக்ஸ்-ரே கருவியால் பார்க்க வேண்டும். பழைய படத்தை மட்டும் நம்பக்கூடாது, சாதனம் நகரக்கூடியது.

கிடைத்ததும் இழுத்துப் பிடுங்கக் கூடாது. ஒட்டுத்திசுவைக் கத்தரியால் சிறிது சிறிதாக விடுவித்து, ‘டி’யின் தண்டைப் பிடித்து, 10 மி.மீ. குழலுக்குள் இழுத்து வெளியே எடுப்பார்கள், ‘டி’யின் இரு கைகள் மடங்கிக்கொடுக்கும். குடலுக்கு அருகில் மின்சூட்டைத் தவிர்ப்பது நல்லது, சூட்டுக் காயம் சில நாள் கழித்தே ஓட்டையாக வெளிப்படும். வெளியே வந்ததைக் கையில் வைத்து, சாதனத்தின் இரண்டு கைகளும் தண்டும் தாமிர உறைகளும் முழுமையாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். குடலில் பதிந்திருந்தால் தைத்துவிட்டு, இடுப்புக்குழியில் நீர் நிரப்பி ஆசனவாய் வழியே காற்றைச் செலுத்துவார்கள். குமிழி வந்தால் கசிவு. சிறுநீர்ப்பைக்குள் புகுந்திருந்தால் சிறுநீர்ப்பை நோக்கி வேண்டும். ஒட்டல் கடுமையாக இருந்தால் வயிற்றைத் திறக்க நேரிடும். அதற்கும் சேர்த்தே முன்கூட்டி ஒப்புதல் வாங்குவார்கள்.

சிக்கல் இல்லையென்றால் அன்றோ மறுநாளோ வீட்டுக்குப் போகலாம். தோள்பட்டை வலி ஓரிரு நாள் இருக்கும். மிஞ்சிய வாயு உதரவிதானத்தை உறுத்துவதால் வருவது. காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வயிற்று வலி, வாந்தி, வயிறு உப்பல் என்றால் உடனே திரும்ப வேண்டும். இன்னொன்று: வயிற்றறைக்குப் போன சாதனம் கருத்தடையாக வேலை செய்யாது. அதைக் கண்டுபிடித்த நாளிலிருந்தே வேறு முறை தேவை.